முந்திரிகைக் கொடியின் வழி: தென்பிரான்சும் இலங்கைத் தமிழரும்

ஒரு பயிரின் வரலாறு அப்பயிரைப் பேணிய மக்களின் வரலாறுமாகும். நெல், பனை, புகையிலை ஆகியன இலங்கைத் தமிழரின் பொருளியல் வாழ்வில் வகித்த இடம் பற்றி அறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர். அவற்றோடு ஒப்பிடுமிடத்து முந்திரிகை அளவாற் சிறிய பயிரே. எனினும், மத்தியதரைக் கடற்கரையிற் செழித்த இக்கொடியும் அதன் கனியிலிருந்து பெறப்படும் மதுவும் தமிழர் வாழும் நிலங்களை ஈராயிரம் ஆண்டுகளிற் பன்முறை வந்தடைந்துள்ளன. யவனர் கலங்களில் வந்த மது அவ்வணிகம் தளர்ந்ததும் மறைந்தது. ஐரோப்பிய ஆட்சியாளரின் மேசையில் இருந்த மது அவ்வட்டத்துக்கு அப்பாற் பரவவில்லை. கத்தோலிக்க வழிபாட்டின் தேவையை ஒட்டி வந்த மரபு மட்டுமே யாழ்ப்பாணத்து மண்ணோடு உறவு கொண்டது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது என்பதைத் தென்பிரான்சின் குடும்பத் தோட்டங்களுடைய வரலாற்றோடு ஒப்புநோக்கி ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல் தரும் சான்று

இலங்கைத் தமிழர் வழக்கில் 'முந்திரிகை' என்னுஞ் சொல் திராட்சையைக் குறிக்கும். தமிழகத்தார் முந்திரி என வழங்குவது இங்கு 'மரமுந்திரிகை' எனப்படும். மரமுந்திரிகை தென்னமெரிக்காவுக்கு உரியது. 16ஆம் நூற்றாண்டிற் போத்துக்கேயராற் பிரேசிலிலிருந்து கீழைத்தேயங்களுக்குக் கொண்டுவரப்பட்டது. புதிதாக வந்த அம்மரத்துக்குப் பெயரிட நேர்ந்தபோது, முன்னரே அறிந்திருந்த கொடியின் பெயரோடு 'மரம்' என்னும் அடை சேர்க்கப்பட்டது எனக் கொள்ளுதல் பொருத்தமாகும். அங்ஙனமாயின், இம்மண்ணிற் பரவலாகப் பயிரிடப்படுவதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே முந்திரிகை தமிழரின் சொல்வழக்கில் இடம்பெற்றுவிட்டது எனலாம். அதன் மதுவைக் குறிக்க இன்று 'வைன்' என்னுஞ் சொல்லே பெருவழக்காக உள்ளது. இக்கட்டுரையிலும் அச்சொல்லே கையாளப்படுகின்றது.

அரசர் கிண்ணத்து மது

சங்க இலக்கியம் யவனர் கொணர்ந்த மதுவைத் தெளிவாகக் குறிப்பிடுகின்றது. புறநானூற்றின் 56ஆம் பாடலில், பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர், யவனர் நல்ல கலங்களிற் கொண்டுவந்த குளிர்ந்த நறுமணத் தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்திக் கொடுக்க அரசன் அருந்துவதைக் கூறுகின்றார். புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மோட்டிமர் வீலர் நடத்திய அகழ்வில், மத்தியதரைப் பகுதியைச் சேர்ந்த 'அம்போரா' எனப்படும் இருபிடிச் சாடிகளின் உடைந்த பகுதிகள் கிடைத்தன. கிரேக்கத் தீவாகிய கொஸ் முதலிய இடங்களின் வைன் சாடிகள் அவற்றுள் இருந்தமையைப் பின்வந்த ஆய்வுகள் நிறுவியுள்ளன. இலக்கியச் சான்றும் தொல்லியற் சான்றும் இங்ஙனம் ஒத்து நிற்றல் அரிய பேறாகும்.

ஆயின், இம்மதுவை அருந்தியோர் யாவர் என்பதே ஈண்டு நோக்கற்பாலது. கள், நறவு, தோப்பி முதலியன மக்களின் குடிவகைகளாக இருந்தன. பனையும் தென்னையும் நெல்லும் அவற்றை உள்ளூரிலேயே நல்கின. யவனத் தேறல் அரசனுக்கும் அவன் அவைக்கும் உரிய அரும்பொருளாக இருந்தது. அதனை விளைவிக்கும் கொடியை இங்கு நட்டு வளர்க்க வேண்டிய தேவை எவருக்கும் எழவில்லை. எனவே, உரோம வணிகம் தளர்ந்தபோது தேறலின் வரவும் நின்றது. பாடலும் மட்பாண்டத் துண்டுகளுமே எஞ்சின.

ஒல்லாந்தர் காலம்

ஐரோப்பியர் வருகையோடு வைன் மீண்டும் இலங்கைக் கரையை அடைந்தது. கொழும்பை 1656 முதல் 1796 வரை தம் கையில் வைத்திருந்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியார், அதே காலத்தில் ஆபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலும் குடியேற்றம் அமைத்திருந்தனர். அங்கு 1655ஆம் ஆண்டு முந்திரிகைக் கொடிகள் நடப்பட்டன. 1659ஆம் ஆண்டு முதல் வைன் பிழியப்பட்டது. பிரான்சில் 1685ஆம் ஆண்டு புரட்டஸ்தாந்தருக்கு அளிக்கப்பட்டிருந்த வழிபாட்டுரிமை நீக்கப்பட்டபோது நாடு நீங்கிய யூகனொட் மக்களிற் சிலர், 1688ஆம் ஆண்டு முதல் அம்முனையிற் குடியேறினர். புரொவான்சு முதலிய தென்பிரெஞ்சு மாகாணங்களைச் சேர்ந்தோரும் அவர்களுள் இருந்தனர். அவர்கள் தமக்குத் தெரிந்த கொடி வளர்ப்பைக் குடும்பம் குடும்பமாக அங்கு தொடர்ந்தனர்.

ஒரே கம்பனி முனையிற் செய்ததைக் கொழும்பில் ஏன் செய்யவில்லை என்னும் வினா எழுதல் இயல்பே. இதற்கு இரு காரணங்கள் உள. ஒன்று, இலங்கையில் அவர்கள் நாடியது கறுவாவையே. மற்றையது காலநிலை. முந்திரிகை குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கி, வேனிற் காலத்தின் வறண்ட வெயிலிற் கனியும் இயல்புடையது. நன்னம்பிக்கை முனையின் காலநிலை மத்தியதரைப் பகுதியின் காலநிலையை ஒத்தது. கொழும்பிலோ ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. குளிர்காலம் என்பது இல்லை. ஈரமிகுதியாற் பூஞ்சண நோய் தொற்றும்; கனியும் வெடித்துப்போகும்.

கொட்டாஞ்சேனையை அடுத்து 1757ஆம் ஆண்டு நிறைவெய்திய உவொல்வெண்டால் ஆலயம் இக்காலத்தின் நினைவாக இன்றும் நிற்கின்றது. அவ்வாலயத்தின் இராப்போசன வழிபாட்டுக்கு வேண்டிய வைனும் அக்காலத்திற் கப்பலிலேயே வரவேண்டியிருந்தது.

தென்பிரான்சின் குடும்பத் தோட்டங்கள்

இனி, இக்கொடியின் பழைய உறைவிடங்களுள் ஒன்றாகிய தென்பிரான்சை நோக்குதல் வேண்டும். கி. மு. 600ஆம் ஆண்டளவிற் கிரேக்கர் அங்கு மசாலியா என்னும் துறைமுகத்தை நிறுவினர். அதுவே இன்றைய மார்செய் நகரமாகும். அவர்களால் அங்கு வேரூன்றிய கொடிவளர்ப்பு, கி. மு. 118இல் நார்பொன் நகரை அமைத்த உரோமராற் பரந்து விரிந்தது.

இப்பகுதியின் செவ்வைன் செறிவும் கனமும் உடையது எனப் பெயர் பெற்றது. மார்செயில் ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 550 மில்லிமீற்றர் மட்டுமே. நீண்ட வெயிலாற் கனியிற் சீனிச்சத்து மிகும். அச்சீனியே புளித்தலின்போது மதுசாரமாக மாறும். கருமுந்திரிகையின் சாறு பெரும்பாலும் நிறமற்றது. பிழிந்த சாற்றைத் தோலோடும் விதையோடும் பல நாட்கள் ஊறவிடுவதனாலேயே செந்நிறமும் துவர்ப்பும் அதிற் சேருகின்றன. கிரெனாஷ், சிரா, மூர்வெத்ர, கரிஞ்ஞான் ஆகியன அங்கு பெரிதும் பயிராகும் இனங்களாம். இவ்வைன்களுட் புகழ்பெற்ற சாத்தோநெவ்-டு-பாப்பு 1936ஆம் ஆண்டிற் சட்டமுறையான இடப்பெயர் உரிமையைப் பெற்றது. அதில் மதுசாரம் 12.5 வீதத்துக்குக் குறையலாகாது என்பது விதியாகும்.

ஆயின், இத்தோட்டங்களின் வரலாறு அமைதியான ஒன்றன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் புகையிரதப் பாதை வந்ததும் லாங்கடொக் பகுதியார் வடக்கின் நகரங்களுக்குப் பேரளவில் வைன் அனுப்பத் தொடங்கினர். 1863ஆம் ஆண்டளவில் பிலொக்செரா என்னும் நுண்பூச்சி வேர்களைத் தாக்கத் தொடங்கியது. மொன்பெலியே நகரைச் சேர்ந்த தாவரவியலாளர் பிளாஞ்சோன் 1868ஆம் ஆண்டு அதனை இனங்கண்டார். அப்பூச்சியைத் தாங்கவல்ல அமெரிக்கக் கொடியின் வேரில் உள்ளூர்க் கொடியை ஒட்டுதலே தீர்வாயிற்று. ஏறத்தாழ நாடு முழுவதிலும் கொடிகளைப் பிடுங்கி மீண்டும் நட வேண்டியிருந்தது.

இத்துன்பத்தினின்று மீண்டவர்களை அடுத்து விலைவீழ்ச்சி தாக்கியது. நீரும் சீனியும் கலந்து செய்யப்பட்ட போலி வைன் சந்தையை நிறைத்தது என உழவர் குற்றஞ்சாட்டினர். 1907ஆம் ஆண்டு, ஆர்ஜெலியே என்னுஞ் சிற்றூரைச் சேர்ந்த மார்செலென் அல்பேர் என்பவரின் தலைமையில் எழுந்த கிளர்ச்சி, ஜூன் 9ஆந் திகதி மொன்பெலியேயில் பல இலட்சம் மக்களைத் திரட்டியது. நார்பொன் நகரிற் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. மக்களைச் சுடப் பணிக்கப்படலாம் என அஞ்சிய 17ஆம் காலாட்படைப் பிரிவினர் கலகஞ் செய்தனர். அம்மாதம் 29ஆந் திகதி, கலப்படத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் நிறைவேறியது.

இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1901இல், மரோசான் என்னும் ஊரின் சிறு உழவர் கூட்டுறவு முறையில் வைனை விற்கத் தொடங்கியிருந்தனர். 1905ஆம் ஆண்டு அங்கு சென்ற சோசலிசத் தலைவர் ஜோரே அம்முயற்சியைப் பாராட்டினார். தனித்துநின்று பெருவணிகரோடு போட்டியிட இயலாத குடும்பங்கள் நிலைத்தமைக்குக் கூட்டுறவு ஒரு காரணமாகும். நிலம் கைமாறாது நின்றமை மற்றொரு காரணமாகும். முந்திரிகைக் கொடி நட்ட மூன்றாண்டளவிற் காய்க்கத் தொடங்கினும், முப்பது நாற்பது ஆண்டு முதிர்ந்த கொடியின் கனியே செறிந்த வைனுக்கு உகந்தது என்பர். தந்தை நட்டதன் முழுப்பயனை மகனே அடைவான். ஆகவே, அடுத்த தலைமுறைக்கும் அந்நிலமே உரியது என்னும் உறுதி இல்லாதவிடத்து இத்தொழில் நிலைபெறாது.

மார்செயிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு

இத்தென்பிரான்சு இலங்கைத் தமிழரோடு தொடர்புற்றது சமயத்தின் வாயிலாகவேயாகும். 1816ஆம் ஆண்டு எக்ஸ்-அன்-புரொவான்சு நகரில் யூஜின் டி மசெனட் என்னுங் குரு ஒரு சபையை நிறுவினார். அதுவே பின்னர் அமலமரித் தியாகிகள் சபை எனப் பெயர்பெற்றது. பிரெஞ்சு மொழி மேன்மக்களின் மொழியாகக் கருதப்பட்ட அந்நகரில், பணியாளருக்கும் ஏழைகளுக்கும் அவர்கள் பேசிய புரொவான்சு மொழியிலேயே மறையுரை ஆற்றியவர் அவர். 1837ஆம் ஆண்டு மார்செயின் ஆயரானார். யாழ்ப்பாணப் பகுதியிற் பணியாற்றிய பெட்டாக்கினி ஆண்டகையின் வேண்டுகோளை ஏற்று, 1847ஆம் ஆண்டு செமேரியா அடிகளின் தலைமையில் நால்வரை இலங்கைக்கு அனுப்பினார். அவர்கள் யாழ்ப்பாணத்திற் பணி தொடங்கினர். 1883ஆம் ஆண்டு கொழும்பும் இச்சபையாரின் பொறுப்பில் வந்தது. பொன்ஜீன் ஆண்டகை 1886இற் கொழும்பின் முதற் பேராயரானார். அவருக்குப் பின் 1893 முதல் 1905 வரை பேராயராக இருந்த மெலிசான் ஆண்டகை மார்செயிலேயே பிறந்தவர். கொட்டாஞ்சேனையின் புனித லூசியாள் பேராலயம் எழுந்து நிறைவுற்றது இக்காலப்பகுதியிலாகும்.

கத்தோலிக்கத் திருப்பலிக்கு அப்பமும் வைனும் இன்றியமையாதன. அவ்வைன் முந்திரிகைக் கனியிலிருந்து பெறப்பட்டதாய், இயற்கையானதாய், கெடாததாய் இருத்தல் வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பிலும் 1983ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் இவ்விதி உண்டு. பனங்கள்ளும் தென்னங்கள்ளும் மலிந்த நாட்டிலும் அவை இதற்கு ஈடாகா. தேவைப்படும் அளவோ மிகச் சிறிது. கிண்ணத்தின் அடியில் நிற்கும் அளவே போதும். ஆயினும் ஒவ்வொரு நாளும், ஒவ்வோர் ஆலயத்திலும் அது வேண்டும். அரசனின் அவைக்கு வந்த தேறலுக்கும் ஆளுநரின் மேசைக்கு வந்த வைனுக்கும் இல்லாத ஓர் இயல்பை இங்கு காணலாம். செல்வர் விருப்பத்தைச் சாராத, இடையறாத தேவை இது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மீனவர் சிற்றாலயத்திலும் அத்தேவை இருந்தது.

1869இற் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டமையும், கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்பணை 1885இல் நிறைவெய்தியமையும் மார்செயையும் கொழும்பையும் நெருங்கவைத்தன. பிரெஞ்சுக் கப்பல்கள் இவ்விரு துறைகளையும் இணைத்தன. துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனை இவ்வுறவின் வாயிலாக அமைந்தது. எனினும், கடல்வழி தடைப்படும்போது திருப்பலிக்கு வேண்டிய வைனும் தடைப்படும் என்னும் இடர் நீங்கவில்லை.

செம்மண்ணில் முந்திரிகை

இச்சூழலில், 1928ஆம் ஆண்டு வசாவிளான் பகுதியிலுள்ள தோலகட்டியில் அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த தோமஸ் அடிகள் நிறுவிய செபமாலைத் தாசர் சபை சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. செபமும் தவமும் உடலுழைப்புமே இத்துறவியரின் வாழ்க்கை முறையாகும். இவர்களும், இவர்களின் வழிவந்த கன்னியரும் நெல்லிரசத்துக்கும் முந்திரிகை இரசத்துக்கும் வைனுக்கும் பெயர்பெற்றனர். தென்பிரான்சிற் குடும்பம் செய்ததை இங்கு துறவியர் சமூகம் செய்தது எனலாம். தாமே உழைத்து, கனியைத் தாமே பிழிந்து, பெற்ற அறிவை அடுத்துவருவோர்க்கு ஒப்படைக்கும் முறை இரண்டிற்கும் பொதுவானது.

வலிகாமத்தின் மண்ணும் இதற்கு இடந்தந்தது. சுண்ணாம்புக் கற்பாறையின் மேற் படிந்த அதன் செம்மண், மத்தியதரைப் பகுதியின் செம்மண்ணை நினைவூட்டுவது. ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றராகிய ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிற் பெய்துவிடும். எஞ்சிய காலம் பெரும்பாலும் வறண்டது. கிணற்று நீரைத் துலாவினாலும் பின்னர் இயந்திரத்தினாலும் இறைத்து, பட்டியெருவிட்டு, குழை தாழ்த்தி நிலத்தைப் பேணிய உழவருக்குப் புதிய பயிர் அந்நியமாய் இருக்கவில்லை. குளிர்காலம் இன்மையாற் கொடி தானாக உறங்காது. ஆதலின், கொடியைக் கத்தரித்துத் துளிர்க்கச் செய்யும் முறை கையாளப்படுகின்றது. கத்தரித்து ஏறத்தாழ நான்கு மாதங்களிற் குலைகள் முதிரும். பிரான்சில் ஆண்டுக்கு ஒருமுறை விளையும் கொடி இங்கு இருமுறை விளையும். அங்கு கொடி நிலத்தை ஒட்டிக் குறுகி வளரும்; இங்கு பந்தலிற் படர்ந்து தன் வேருக்குத் தானே நிழல் தருகின்றது. உரும்பிராய், கோண்டாவில் முதலிய ஊர்களில் இப்பந்தல்கள் பெருகின. 'இஸ்ரேல் புளூ' என்னும் இனம் பெரிதும் விரும்பப்பட்டது. 1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடு, வெங்காயம், மிளகாய் ஆகியவற்றைப் போன்று முந்திரிகைக்கும் நல்ல விலையைத் தந்தது. 1977ஆம் ஆண்டின் பின் வந்த திறந்த பொருளாதாரம் அவ்வாய்ப்பைக் குறைத்தது.

கொழும்புத்துறை வீதியிலுள்ள செபமாலைக் கன்னியர் மடத்தில் 'ரொசெற்றோ' என்னும் இனிப்பான வைன் செய்யப்பட்டு வந்துள்ளது. கறுவாவும் கராம்பும் சேர்ந்த மணம் அதன் தனித்தன்மையாகும். வாசனைப் பொருள் கலந்த வைன் திருப்பலிக்கு உரியதன்று. எனவே, பீடத்தின் தேவையை ஒட்டி வந்த மரபு, காலப்போக்கில் உள்ளூர்ச் சுவைக்கேற்ற ஒரு பானத்தையும் தோற்றுவித்தது என்பது புலனாகும். முந்திரிகையை நாடாது கறுவாவை நாடி வந்த ஒல்லாந்தரின் காலத்தை எண்ணிப் பார்க்குமிடத்து, அவ்விரண்டும் ஈற்றில் ஒரு கன்னியர் மடத்துப் போத்தலிற் சேர்ந்தமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்றாகத் தோன்றும்.

நிலமும் தொடர்ச்சியும்

தென்பிரான்சின் அனுபவம் உணர்த்துவது போல, கொடிவளர்ப்பு நிலவுரிமையின் உறுதியைச் சார்ந்தது. 1804ஆம் ஆண்டின் நெப்போலியன் சட்டத் தொகுப்பு பிள்ளைகளுக்குச் சமபங்கு விதித்தமையால் அங்கு தோட்டங்கள் துண்டுபட்டன. எனினும் அவை குடும்பங்களின் கையிலேயே நின்றன. யாழ்ப்பாணத்தில், ஒல்லாந்தர் காலத்தில் 1706ஆம் ஆண்டளவில் எழுத்துருப் பெற்ற தேசவழமை, நிலத்தை விற்குமிடத்துப் பங்காளிகளும் அயல்நிலத்தாரும் முதலில் வாங்கும் உரிமையை ஏற்றிருந்தது. 1947ஆம் ஆண்டின் சட்டம் அவ்வுரிமையின் எல்லையை வரையறுத்தது. முதுசக் காணி அந்நியர் கைக்குப் போகலாகாது என்னும் எண்ணமே இவ்வழமையின் உட்கிடையாகும்.

விற்பனையினின்று நிலத்தைக் காத்த இவ்வழமையாற் போரினின்று அதனைக் காக்க இயலவில்லை. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பலாலிப் படைத்தளத்தைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கு மக்களும் வசாவிளான் பகுதியாரும் தம் ஊர்களை விட்டு வெளியேறினர். அந்நிலங்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. 2009ஆம் ஆண்டு போர் முடிவுற்ற பின்னர் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டு வந்தபோதிலும், அப்பணி இன்னும் முழுமையுறவில்லை. கத்தரிப்பாரும் நீர் இறைப்பாரும் அற்ற பந்தலில் முந்திரிகைக் கொடி நிலைத்து வாழாது. பனை தன்னைத்தானே காத்துக்கொள்ளும். கொடிக்கு அவ்வலிமை இல்லை. பிலொக்செராவாற் கொடியை இழந்த பிரெஞ்சு உழவனுக்கு நிலம் எஞ்சியிருந்தது. அதில் அவன் மீண்டும் நட்டான். வலிகாமத்து உழவனுக்கு அந்நிலமே மறுக்கப்பட்டது. பூச்சி விளைத்த அழிவினும் இவ்வழிவு ஆழமானது என்பதற்கு இதுவே காரணம்.

இடம்பெயர்ந்தோரிற் பலர் கொழும்பை வந்தடைந்தனர். வெள்ளவத்தை அவர்களின் பெரும் உறைவிடங்களுள் ஒன்றாயிற்று. அங்குள்ள யாழ்ப்பாணப் பொருட் கடைகளில் ஒடியலும் பனங்கட்டியும் நெல்லிரசமும் வாங்குவோர், அவற்றின் சுவையை மட்டுமன்றி, அவை விளைந்த மண்ணின் நினைவையுமே வாங்குகின்றனர் எனலாம். ஆயினும், சுவையை நினைவில் வைத்திருத்தல் வேறு. கொடியை எக்காலத்தில், எக்கணுவிற் கத்தரிக்க வேண்டும் என அறிந்திருத்தல் வேறு. பின்னைய அறிவு தோட்டத்தில் நின்று கற்கப்படுவது. ஒரு தலைமுறை தோட்டத்தினின்று பிரிக்கப்பட்டால் அவ்வறிவும் பெரிதும் அருகிவிடும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, யவனர் வணிகமும் ஒல்லாந்தர் ஆட்சியும் வைனைக் கொணர்ந்தனவேயன்றிக் கொடியை இலங்கைத் தமிழ் நிலத்தில் நிலைநிறுத்தவில்லை என்பது தெளிவாகும். அவற்றிற்குப் பெருஞ்செல்வமும் பெருங்கலங்களும் இருந்தன. தம் கையால் நட்டு, நீரிறைத்து, அடுத்த தலைமுறைக்கு ஒப்படைப்போர் இருக்கவில்லை. அளவிற் சிறிய ஒரு வழிபாட்டுத் தேவையும், செம்மண்ணில் உழைத்த துறவியரும் உழவரும் அதனை இயல்வித்தனர். தென்பிரான்சின் குடும்பத் தோட்டங்கள் நுண்பூச்சியையும் விலைவீழ்ச்சியையும் கடந்து நின்றமைக்கும் இத்தகைய தொடர்ச்சியே அடிப்படையாகும். வலிகாமத்தில் விடுவிக்கப்பட்ட காணிகளில் மீண்டும் பந்தலிட முனைவோருக்குக் கன்றும் கடனும் வழங்குதல் எளிது. அவற்றோடு, எஞ்சியுள்ள முதியோரின் கைத்திறனை இளையோர் கற்பதற்கு வழிசெய்தலும், எஞ்சிய காணிகளை உரியவரிடம் மீள ஒப்படைத்தலும் இன்றியமையாதனவாகும். இவை நிறைவேறாதவிடத்து, சங்ககாலத் தேறலுக்கு நேர்ந்ததே யாழ்ப்பாணத்து முந்திரிகைக்கும் நேரக்கூடும்.